வெர்மான்ட்: குடும்பக் காட்டுக்குத் துணை தேடும் வழி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கிற வெர்மான்ட் மாநிலத்தில் நிலப்பரப்பின் நான்கில் மூன்று பங்கு காடு. சுமார் 45 லட்சம் ஏக்கர். இதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தனியாருக்குச் சொந்தம், அதிலும் பெரும்பகுதி குடும்பங்களின் கையில். காடு என்றாலே வனத்துறை என்று பழகிப்போன தமிழ்நாட்டுக் கண்ணுக்கு இது சற்று விசித்திரம்தான். சாலைக்கு இருபுறமும் மலை முழுக்க விரியும் மேப்பிளும் பீச்சும் ஒரு பள்ளி ஆசிரியருக்கோ, பிளம்பருக்கோ, பாஸ்டனில் வேலை பார்த்துக்கொண்டு கோடையில் மட்டும் வந்துபோகிறவருக்கோ பாத்தியப்பட்டவை. 30 ஏக்கர், 70 ஏக்கர், 200 ஏக்கர் என்று துண்டுதுண்டாக இருக்கும் இந்தக் காடுகளின் சொந்தக்காரர்களில் வனவியல் படித்தவர்கள் மிகக் குறைவு. தாத்தா வைத்திருந்தார், இப்போது நமக்கு வந்திருக்கிறது என்ற அளவில்தான் பலருடைய அறிவு தொடங்குகிறது.

அவர்களுக்கு உதவ ஆள் இல்லாமல் இல்லை. மாநில அரசு, மத்திய அரசு, பல்கலைக்கழகம், பறவைப் பாதுகாப்பு அமைப்பு, நில அறக்கட்டளை, காட்டுச் சொந்தக்காரர் சங்கம் என்று கூட்டம் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இல்லை. யாரை முதலில் பார்ப்பது, யாரைப் பிறகு பார்ப்பது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன. தெற்கே பிராட்டில்பரோவில் தொடங்கி, கனெக்டிகட் ஆற்றை ஒட்டி வடக்கே ஏறி, வைட் ரிவர் ஜங்ஷனில் வடமேற்காகத் திரும்பி, மாநிலத்தின் உச்ச சிகரமான மான்ஸ்ஃபீல்டு மலையின் அடிவாரம் வரை போகும் சாலை, இந்தத் துணைகளை ஏறக்குறைய அவை தேவைப்படும் வரிசையிலேயே காட்டிக்கொண்டு போகிறது.

முதல் இடம் காடே அல்ல, ஓர் அலுவலகம். வெர்மான்டில் நிலப் பத்திரங்கள் அந்தந்த டவுனின் எழுத்தரிடம் இருக்கின்றன. மாநில அளவிலோ கவுன்டி அளவிலோ பதிவு அலுவலகம் என்று ஒன்று கிடையாது. சிற்றூர்களில் இந்த அலுவலகம் வாரத்தில் சில நாட்கள்தான் திறந்திருக்கும். உள்ளே தீப்பிடிக்காத ஓர் அறை, அதில் இரண்டு நூற்றாண்டுப் பத்திரப் புத்தகங்கள். நம் ஊர்ப் பழைய பத்திரத்தில் கிழக்கே புளியமரம், தெற்கே ஓடை என்று எல்லை சொல்வதுபோல, இங்கே கல்வேலியின் முனை, இரும்புக் கம்பி, பெரிய பர்ச் மரம் என்று எழுதியிருக்கும். பர்ச் மரம் விழுந்து எண்பது வருடம் ஆகியிருக்கலாம். காட்டில் எந்த வேலை தொடங்கும் முன்னும் எல்லையை நடந்து பார்த்து, சந்தேகம் இருந்தால் சர்வேயரைக் கொண்டு அளந்து, மரங்களில் வண்ணம் பூசி வைப்பது அவசியம். அடுத்தவர் மரத்தைத் தெரிந்தே வெட்டினால் அதன் மதிப்பைப்போல் மூன்று மடங்கு நஷ்டஈடு கேட்க மாநிலச் சட்டம் வழி செய்கிறது. வெட்டியது ஒப்பந்தக்காரராக இருந்தாலும் வழக்கில் நிலக்காரரும் சேர்த்து இழுக்கப்படலாம்.

டவுன் எழுத்தரின் அதே மேசையில் இன்னொரு விஷயமும் தெரியவரும். அறிவிப்புப் பலகை மாட்டாத, வேலி அடைக்காத நிலத்தில் யாரும் வேட்டையாடலாம் என்பது வெர்மான்ட் அரசியல் சாசனத்திலேயே உள்ள உரிமை. வேண்டாம் என்கிறவர் 400 அடிக்கு மிகாத இடைவெளியில் பலகை மாட்டி, ஒவ்வொரு பலகையிலும் அந்த ஆண்டைக் குறித்து, ஆண்டுதோறும் 5 டாலர் கட்டி டவுன் எழுத்தரிடம் பதிய வேண்டும். வெளியூரிலிருந்து புதிதாக நிலம் வாங்கியவர்கள் முதல் வேலையாக இதைச் செய்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பகையைச் சம்பாதித்துக்கொள்வது வழக்கம். மான்கள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்துவிடும் இடத்தில் வேட்டைக்காரரும் காட்டுக்கு ஒரு துணைதான்.

பிராட்டில்பரோவிலிருந்து வடக்கே போகும் வழியில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் வெதர்ஸ்ஃபீல்டு இருக்கிறது. லிஸ்பனில் அமெரிக்கக் கான்சலாக இருந்த வில்லியம் ஜார்விஸ், 1811இல் ஸ்பெயின் நாட்டு மெரினோ ஆடுகளை இங்கேதான் கொண்டுவந்து இறக்கினார். அதற்குப் பின் வெர்மான்டில் ஆட்டுப் பைத்தியம் பிடித்தது. 1840இல் மாநிலத்தில் இருந்த ஆடுகள் 16 லட்சத்துக்கு மேல்; மனிதர் ஒருவருக்கு ஐந்தாறு ஆடு. மலைச்சரிவுகள் எல்லாம் மேய்ச்சல் தரையாக மாறின. நிலத்திலிருந்து பொறுக்கிய கற்களை அடுக்கி வேலி கட்டினார்கள். பிறகு கம்பளி விலை சரிந்தது, ரயில் வந்தது, மேற்கே மலிவான நிலம் திறந்தது, ஜனங்கள் கிளம்பிப் போனார்கள். கைவிட்ட மேய்ச்சல் தரையில் முதலில் வைட் பைன் முளைத்தது, அதன் அடியிலும் அதை வெட்டிய இடத்திலும் மேப்பிள், ஆஷ், பர்ச் வந்தன. இன்று நடுக்காட்டில் எதற்கென்றே தெரியாமல் ஓடும் கல்வேலிகள் அந்தக் காலத்தின் மிச்சம்.

இந்த வரலாறு காட்டுச் சொந்தக்காரரின் பணப்பைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒரே காலத்தில் கைவிடப்பட்ட தரையில் முளைத்த மரங்கள் பெரும்பாலும் ஒரே வயதுடையவை. பருத்த மரம் மூத்தது, மெல்லிய மரம் இளையது என்று கண் சொல்வது இங்கே பொய். அறுபது எழுபது வருடம் வெளிச்சத்துக்கு முட்டி மோதி ஜெயித்தது பருத்திருக்கிறது. தோற்றது மெலிந்து நிற்கிறது. இந்த விவரம் தெரியாத சொந்தக்காரரிடம், பெரிய மரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், சின்னவை வளர இடம் கிடைக்கும் என்று மரம் வெட்டும் காண்ட்ராக்டர் ஒருவர் சொன்னால் நியாயமாகவே படும். கையெழுத்துப் போட்டால் காட்டின் நல்ல விதைமரங்கள் அத்தனையும் லாரி ஏறிவிடும். மிஞ்சுவது கோணலும் நோயும். தலைமுறைக்கு ஒருமுறை நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தே கெட்டுப்போன காடுகள், வெர்மான்ட் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரம் முழுக்க இருக்கின்றன. வனவரைப் பார்க்காமல் காண்ட்ராக்டரைப் பார்ப்பது கூடாது என்று இந்தத் துறைக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது இதனால்தான்.

சரியாக நிர்வகித்த காடு எப்படி இருக்கும் என்று பார்க்க வுட்ஸ்டாக்குக்குப் போக வேண்டும். 1864இல் வெளிவந்த 'மனிதனும் இயற்கையும்' என்ற நூலை எழுதிய ஜார்ஜ் பெர்க்கின்ஸ் மார்ஷ் 1801இல் பிறந்த ஊர் இது. மொட்டையடிக்கப்பட்ட மலைகளையும் அதன்பின் வந்த வெள்ளத்தையும் மண் அரிப்பையும் சிறு வயதிலேயே பார்த்தவர் அவர். மார்ஷ் குடும்பத்தின் நிலத்தை 1869இல் வாங்கிய ஃபிரெடரிக் பில்லிங்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் வக்கீல் தொழிலில் சம்பாதித்தவர். பின்னால் நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் தலைவரானவர். ஊர் திரும்பிய அவர் வெற்று மலையில் நார்வே ஸ்புரூஸும் ஐரோப்பிய லார்ச்சும் நட்டார். அவருடைய பேத்தி மேரியும், கணவர் லாரன்ஸ் ராக்கஃபெல்லரும் அந்த நிலத்தை நாட்டுக்குக் கொடுக்க, 1992இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. அமெரிக்காவில் திட்டமிட்டு, இடைவிடாமல் நிர்வகிக்கப்பட்டுவரும் காடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது.

தேசியப் பூங்கா என்றாலும் இங்கே மரம் வெட்டுவது நின்றுவிடவில்லை. குதிரை வண்டிக்குப் போட்ட பழைய பாதைகளில் நடந்தால், அண்மையில் கழித்த பகுதி, சில ஆண்டுகளுக்கு முன் கழித்த பகுதி, தொடாமல் விட்ட பகுதி மூன்றையும் ஒரே நடையில் பார்க்கலாம். வெட்டிய காடு முதல் வருடம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்: கிளைக்குவியல், சக்கரத் தடம், பச்சை அடிமரங்கள். மூன்றாம் வருடம் ராஸ்பெர்ரிப் புதர் மூடிக்கொள்ளும். பத்தாம் வருடம் இடுப்பளவு, தலையளவு இளமேப்பிள் கூட்டம். இதைக் கண்ணால் பார்க்காத சொந்தக்காரர்கள், தங்கள் காட்டில் முதல் மரம் சாய்ந்த அன்றே மிரண்டு வேலையை நிறுத்தச் சொல்வதுண்டு. புத்தகம் படிப்பதைவிட இங்கே அரைநாள் நடப்பது பயன்.

இனித்தான் வனவர். வெர்மான்டின் 14 கவுன்டிகளுக்கும் மாநில வனத்துறை கவுன்டி வனவர்களை வைத்திருக்கிறது. அழைத்தால் காட்டுக்கு வருவார், சொந்தக்காரருடன் நடப்பார், ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. எந்த மரத்தை விற்றாலும் அவருக்கு ஒரு காசு கிடைக்காது என்பதுதான் அவருடைய ஆலோசனையின் மதிப்பு. வந்தவுடன் அவர் கேட்பது மரத்தைப் பற்றியல்ல. இந்தக் காட்டிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று. வருமானமா, விறகா, மான் வேட்டையா, பறவையா, மேப்பிள் பாகா, பேரப்பிள்ளைகள் நடக்க ஒரு பாதையா? பதில் தெரியாமல் விழிப்பவர்களே அதிகம். கணவன் ஒன்றும் மனைவி ஒன்றும் சொல்வதும் உண்டு. கவுன்டி வனவர் செய்யாத வேலைகளும் உண்டு: விற்பனைக்கு மரம் குறிக்க மாட்டார், திட்டம் எழுதித் தர மாட்டார். அதற்குத் தனியார் வனவர்களின் பட்டியலைத் தருவார். இன்னாரை வைத்துக்கொள் என்று கைகாட்டுவதும் அவர் வழக்கமில்லை.

கவுன்டி வனவரின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது வரிச் சலுகைத் திட்டம். பேச்சுவழக்கில் அதற்கு 'கரன்ட் யூஸ்' என்று பெயர். 1978இல் சட்டமானது. வீடு கட்ட விற்றால் என்ன விலை போகும் என்ற சந்தை மதிப்பை வைத்து வரி போட்டால், மரம் வளர்த்து அந்த வரியைக் கட்ட முடியாது. நிலத்தைத் துண்டுபோட்டு விற்க வேண்டியதுதான். அதனால் காடாக இருக்கும்வரை காட்டின் மதிப்புக்கு மட்டும் வரி என்பது இதன் அடிப்படை. குறைந்தது 25 ஏக்கர் சேர்க்க வேண்டும். வீடு இருந்தால் அதைச் சுற்றி 2 ஏக்கர் கழிந்துவிடும். வனவர் எழுதிய மேலாண்மைத் திட்டம் வேண்டும். அதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கவுன்டி வனவர் ஒப்புதல் தர வேண்டும், நேரில் வந்து பார்க்கவும் செய்வார். மரம் வெட்டியிருந்தால் அடுத்த பிப்ரவரி 1க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். திட்டத்தில் மறுபேச்சுக்கு இடமில்லாத ஒரு விஷயம் உண்டு: சேர்ந்த அன்றே நிலத்தின்மீது மாநிலத்தின் வில்லங்கம் ஏறிவிடும். பின்னால் வீட்டுமனையாக்கினால், அந்தப் பகுதியின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம் வரியாகக் கட்ட வேண்டும். திட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டாலும் இந்த வில்லங்கம் தானாக விலகாது. சலுகையை மட்டும் கேட்டுக்கொண்டு இதைக் கேட்காமல் விட்டவர்கள் பின்னால் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

தனியார் வனவர் மாநில உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்ப்பது சுவாரசியம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நாடாவைச் சுற்றுகிறார். நாடாவில் அச்சிட்டிருப்பது சுற்றளவு இல்லை, நேராக விட்டம். கட்டைவிரல் அளவுள்ள ஆப்பு வடிவக் கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறார். கண்ணாடி வழியே தெரியும் மரம் எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதை வைத்து, அங்கே ஏக்கருக்கு எவ்வளவு மரம் நெருக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். துளைப்பானை மரத்தில் திருகி, பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சியை உருவி, வளையங்களை எண்ணுகிறார். கடைசி அரை அங்குலத்தில் வளையங்கள் நெருக்கமாக இருந்தால் மரம் வெளிச்சமில்லாமல் திணறுகிறது என்று அர்த்தம். வெட்ட வேண்டிய மரத்தில் இரண்டு இடத்தில் வண்ணம் அடிக்கிறார்: மார்பு உயரத்தில் ஒன்று, வேரோரமாக ஒன்று. மேலே அடித்தது வெட்டுகிறவருக்கு. கீழே அடித்தது சொந்தக்காரருக்கு. மரம் போன பின்னும் அடிமரத்தில் அந்த வண்ணம் நிற்கும். வண்ணமில்லாத அடிமரம் தெரிந்தால் கேள்வி கேட்கலாம்.

குறித்த மரங்களின் கணக்கைப் போர்டு அடி என்ற மர அளவில் எழுதி, பல காண்ட்ராக்டர்களுக்கு அனுப்பி, மூடிய உறையில் விலை கேட்பது நல்ல முறை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தொழிலாளர் காப்பீட்டுச் சான்று, வேலை முடியும் தேதி, பாதையைச் சீர்செய்யும் பொறுப்பு, ஈடாக ஒரு முன்பணம் எல்லாம் அதில் வர வேண்டும். வனவரின் கூலியை மணிக்கணக்கிலும் கொடுக்கலாம், விற்பனையில் சதவீதமாகவும் கொடுக்கலாம். சதவீதம் என்றால் அதிகம் வெட்டத் தூண்டும் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. கையில் ரொக்கம் இருப்பவர் மணிக்கணக்கில் கொடுப்பதே நிம்மதி.

வேலைக்கு ஏற்ற பருவம் நிலம் உறைந்து கிடக்கும் குளிர்காலம். மார்ச் பிற்பாதியிலிருந்து வெர்மான்டின் மண்சாலைகள் உளைச் சேறாகிவிடும். கனரக லாரிகளை டவுன்கள் தடுத்துவிடும். கட்டை இழுத்த பாதை வழியே மழைநீர் இறங்கினால் மண்ணெல்லாம் ஓடைக்குப் போகும். இதற்காக மாநிலம் 1987இல் ஒரு நடைமுறைத் தொகுப்பைக் கொண்டுவந்தது: பாதைக்குக் குறுக்கே சாய்வாக மண்வரப்பு எடுப்பது, ஓடைக்கரையில் மரங்களை விட்டுவைப்பது, ஓடையைத் தாண்டத் தற்காலிகப் பாலம் போடுவது. தூக்கிச் செல்லக்கூடிய மரப்பாலங்களுக்கு வடிவமைப்பும் ஊக்கமும் மாநில வனத்துறையே தந்திருக்கிறது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலின் மழை மாநிலத்தின் சாலைகளை வாரிக்கொண்டு போனபோது, இந்த வரப்புகளின் அருமையும் குறுகலான மதகுக் குழாய்களின் ஆபத்தும் எல்லோருக்கும் புரிந்தன.

வுட்ஸ்டாக்கிலிருந்து கிழக்கே, 165 அடி ஆழமுள்ள க்வீச்சி பள்ளத்தாக்கின் பாலத்தைத் தாண்டினால் வைட் ரிவர் ஜங்ஷன். பணம் தேடுகிறவர் நிற்க வேண்டிய இடம் இங்கே உள்ள மத்திய வேளாண்துறையின் சேவை மையம். விற்று லாபம் வராத வேலைகளுக்கு, அதாவது நல்ல இளமரத்தைச் சுற்றி நெருக்கும் மரங்களைக் கழிப்பது, வெளிநாட்டுப் புதர்களான பக்தார்னையும் பார்பெரியையும் பிடுங்குவது, அரிக்கும் பாதையைச் சரிசெய்வது போன்றவற்றுக்கு, செலவில் ஒரு பகுதியை இத்துறை தருகிறது. நிலத்துக்கு ஒரு பண்ணை எண் வாங்க வேண்டும், மேலாண்மைத் திட்டம் கையில் இருக்க வேண்டும், விண்ணப்பங்கள் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தப்படும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது. வேலை முடிந்து, வந்து பார்த்த பிறகுதான் காசோலை. அவசரக்காரருக்கு உகந்த இடம் இல்லை இது.

அரசு அலுவலகங்கள் தராத ஒன்றைச் சக சொந்தக்காரர்கள் தருகிறார்கள். 1985இல் தொடங்கிய வெர்மான்ட் கவர்ட்ஸ் அமைப்பு, காட்டுச் சொந்தக்காரர்களை ஒரு வார இறுதி முழுக்கக் கூட்டிவைத்து மரம், விலங்கு, சட்டம் எல்லாவற்றையும் கற்பிக்கிறது. கற்றவர் தம் ஊரில் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்பதே கட்டணம் மாதிரி. அதைவிடப் பழையது 1915இல் தோன்றிய வெர்மான்ட் உட்லண்ட்ஸ் சங்கம். மரப்பண்ணைத் திட்டத்தை இந்த மாநிலத்தில் நடத்துவது அதுதான். 1941இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய அந்தத் திட்டத்தில் சேர்ந்த காடுகளின் வாசலில், மரம், நீர், பொழுதுபோக்கு, வனவிலங்கு என்று நாலு பக்கமும் எழுதிய சாய்சதுரப் பலகை தொங்கும். இச்சங்கங்கள் நடத்தும் காட்டு நடைகளில்தான் உண்மையான விலை, உண்மையான அனுபவம், எந்தக் காண்ட்ராக்டர் பாதையைச் சுத்தமாக விட்டுப்போவார் என்ற தகவல் எல்லாம் காதில் விழும். செயின்சா பிடிக்கப் பழகவும் தனிப் பயிற்சி உண்டு; 'கேம் ஆஃப் லாகிங்' என்ற அந்தப் பாடத்தை ஸ்வீடன்காரரான சோரன் எரிக்சன் வடிவமைத்தார். விறகு வெட்டுவதோடு நிற்கிறவர்களும் இதை முடிப்பது நல்லது. வாரக்கடைசி விறகுவெட்டிகளும் அடிபடுகிறார்கள்.

வடமேற்கே ஏறும் நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி, பாரி நகருக்குக் கிழக்கே ஆரஞ்சு என்றொரு சிற்றூர். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத ஆஷ் வண்டு, வெர்மான்டில் முதலில் கண்ணில் பட்டது இங்கே, 2018 பிப்ரவரியில். பளபளக்கும் பச்சை நிறம், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். புழு மரப்பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போய் மரத்தின் உணவோட்டத்தை அறுத்துவிடும். வெளியேறும் துளை ஒரு பக்கம் தட்டையாக, அரைவட்டமாக இருக்கும். மரங்கொத்தி புழுவைத் தேடிப் பட்டையை உரித்து உரித்து மேல்மரம் வெளிறித் தெரிவதே பெரும்பாலும் முதல் அடையாளம். செய்தி வந்தவுடன் ஆஷ் மரங்களையெல்லாம் வெட்டி விற்றுவிடத் துடித்தவர்கள் பலர். மாநில வனத்துறையின் யோசனை வேறு: விற்க வேண்டியதை விற்கலாம், ஆனால் சில ஆஷ் மரங்களை விட்டுவையுங்கள், எதிர்ப்புச் சக்தி உள்ள மரம் ஒன்றிரண்டு இருந்தால் அதுதான் விதை. விறகைத் தூரம் கொண்டு போகாதே என்ற விதியும் இத்தகைய பூச்சிகளுக்காகத்தான். வண்டு தானாகப் பறந்து போவதைவிட லாரியில் போவது அதிகத் தூரம்.

அந்த நெடுஞ்சாலையில் மேலும் போனால் வரும் ரிச்மண்டுக்குத் தெற்கே, ஹன்டிங்டனில், ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் மையம் இருக்கிறது. வனத்துறையோடு சேர்ந்து, மரம் வெட்டும் திட்டத்தையே பறவைகளை மனத்தில் வைத்து எழுத வனவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இவர்களின் சாதனை. கருங்கழுத்து நீலக் கதிர்க்குருவி தரையிலிருந்து மூன்றடிக்குள் அடர்ந்த புதரில் கூடு கட்டும். உட் திரஷ் நடு அடுக்கில் கட்டும். மேலே மட்டும் கூரைபோல மூடி, கீழே வெறிச்சென்று இருக்கும் காட்டில் இவை தங்கா. அங்கங்கே சில மரங்களை எடுத்து வெளிச்சத்தை இறக்கினால் கீழடுக்கு எழும்பும். கரீபியத் தீவுகளிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வரும் பறவைகளுக்குத் தொட்டில் கட்டும் வேலையும், நல்ல மரம் வளர்க்கும் வேலையும் பெரும்பாலும் ஒரே வெட்டில் முடிகின்றன. பட்டுப்போன மரத்தை விட்டுவைக்கச் சொன்னால் பழைய தலைமுறைச் சொந்தக்காரர்களுக்கு முகம் சுளிக்கிறது. காட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கும் ஆசை லேசில் போவதில்லை.

மான்ஸ்ஃபீல்டின் மேற்கு அடிவாரத்தில், அண்டர்ஹில்லில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆய்வு மையம் இருக்கிறது, 1946இல் தொடங்கியது. இரவில் உறைந்து பகலில் இளகும் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரையிலான வாரங்களில் சுகர் மேப்பிளில் சாறு இறங்கும். சாற்றில் சர்க்கரை இரண்டு சதவீதம் அளவே. 40 கேலன் சாறு காய்ச்சினால் ஒரு கேலன் பாகு. அமெரிக்காவின் மேப்பிள் பாகில் ஏறக்குறையப் பாதி வெர்மான்டில்தான் தயாராகிறது. வாளி தொங்கவிட்ட காலம் போய், இன்று மரத்துக்கு மரம் நீலக் குழாய் ஓடி, வெற்றிட இயந்திரம் சாற்றை இழுக்கிறது. எவ்வளவு பருமனான மரத்தில் எத்தனை துளை, எவ்வளவு ஆழம், பழைய துளையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையெல்லாம் இந்த மையம் அளந்து சொல்லியிருக்கிறது. தானே காய்ச்ச நேரமில்லாத சொந்தக்காரர் தம் மரங்களைப் பாகு தயாரிப்பவருக்குத் துளைக் கணக்கில் குத்தகைக்கு விடலாம். மரம் வெட்டாமலேயே வருடந்தோறும் வருமானம். ஒரு சங்கடம் உண்டு: துளையிட்ட அடிமரத்தில் கறை படியும், ஆணியோ பழைய துளைக்கருவியோ உள்ளே இருக்கலாம் என்று மரவாடிக்காரர் விலை குறைப்பார். பாகா பலகையா என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மேப்பிள் தவிர வேறு மரமே வேண்டாம் என்று கழித்துவிடுவதும் ஆபத்து. ஒரு பூச்சி வந்தால் மொத்தமும் போகும். பறவைக்கு உகந்த மேப்பிள் தோட்டம் என்ற ஆடுபான் அடையாளத்துக்கு மற்ற மரங்கள் கால்பங்காவது இருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் மான்ட்பெலியர். சுமார் எண்ணாயிரம் பேர் மட்டுமே உள்ள தலைநகரம். காட்டைப் பற்றிய கடைசிக் கேள்வி, அதை அடுத்து யார் வைத்திருப்பது என்பது, இங்கே வந்து சேர்கிறது. குடும்பக் காடுகளின் சொந்தக்காரர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் அதிகம். எடுத்துக்காட்டாக, 70 ஏக்கரை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 23 ஏக்கர் சொச்சம். நியாயமான பாகப்பிரிவினைதான், ஆனால் 25 ஏக்கருக்குக் குறைந்த துண்டு வரிச் சலுகைத் திட்டத்தில் தனியாக நிற்க முடியாது, பிரித்ததற்காகவே வரியும் விழலாம். கூட்டுப்பட்டாவாக விட்டுவைத்தால் ஒருவர் விற்க நினைத்தாலும் நீதிமன்றத்துக்குப் போய் மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். இதற்காகக் குடும்பங்கள் எல்எல்சி என்கிற சிறு கம்பெனியைத் தொடங்கி, நிலத்தை அதன் பெயரில் மாற்றி, பிள்ளைகளுக்குப் பங்காகக் கொடுக்கின்றன. யார் வரி கட்டுவது, யார் வனவரோடு பேசுவது, வெளியேற விரும்புகிறவரின் பங்குக்கு விலை எப்படி என்பதெல்லாம் அதன் ஆவணத்தில் இருக்கும்.

காடு என்றைக்கும் வீட்டுமனையாக மாறக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு வெர்மான்ட் நில அறக்கட்டளை இருக்கிறது. 1977இல் வுட்ஸ்டாக்கில் ஒரு வட்டார அமைப்பாகத் தொடங்கியது. நிலம் குடும்பத்திடமே இருக்கும், மரம் வெட்டலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். கட்டடம் கட்டும் உரிமை மட்டும் அறக்கட்டளைக்குப் போய்விடும், எந்நாளும் திரும்பாது. உரிமையை நன்கொடையாகக் கொடுத்தால் மத்திய வருமான வரியில் கழிவு உண்டு. நிதி கிடைக்கும் இடங்களில் அறக்கட்டளை விலை கொடுத்தும் வாங்குகிறது. சந்தை விலை குறைவதால் வாரிசுகளில் ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்வதும் கைக்கெட்டும். எல்லாக் காட்டையும் அறக்கட்டளை ஏற்பதில்லை. பெரிய பரப்பு, ஓடை, பக்கத்தில் ஏற்கெனவே காக்கப்பட்ட நிலம் இருந்தால் வாய்ப்பு கூடும். எந்த வழியானாலும் பத்திரம் கைமாறிய உடனே புது உரிமையாளர் வரிச் சலுகைக்குத் தம் பெயரில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இருக்கும் மேலாண்மைத் திட்டத்தை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் நோக்கத்துக்கு ஏற்றபடி வனவரைக் கொண்டு புதிதாக எழுத வேண்டும்.